பத்துக் கிண்டில் எங்களுக்கு எதுக்கு?



போன கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. பலெர்மோ வாசிப்பு வட்டத்துக்குப் பத்துக் கிண்டில் வாங்குவம், அதில தமிழ்ப் புத்தகங்களைப் போட்டு ஆளாளுக்கு இரவல் குடுப்பம் எண்டு. கன பேருக்கு அது பிடிச்சிருந்தது. எதிர்த்துக் கதைச்ச ஒண்டு ரண்டு பேர், "எல்லாத்தையும் உலாவியிலயே வாசிக்கலாம்தானே, ஏன் காசைக் கரைக்கிறம்?" எண்டு கேட்டவை. முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப் போயிருக்கு. வாக்கெடுப்புக்கு முதல் என்ர பக்கத்தை இந்த மடலில எழுதிப் போட்டு விடுறன்.

சுருக்கமாச் சொன்னால் இதுதான்: கிண்டில் வாங்கக் கூடாது. உலாவியில் வாசிக்கிறதுதான் எங்கட வட்டத்துக்குப் பொருந்தும். ஆனால் ஒரு நிபந்தனை இருக்கு. வாசிக்கிற கோப்பு எங்கட கையில் இறக்கி வைச்ச கோப்பா இருக்க வேணும். கருவியா உலாவியா எண்ட சண்டையில் இந்த நிபந்தனையைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை. எனக்கு அதுதான் முக்கியமான விஷயமாத் தெரியுது.

நாங்கள் என்னத்தை வாசிக்கிறம்?

கருவியைத் தெரியிறதுக்கு முதல் எங்கட வாசிப்புப் பட்டியலை ஒருக்கால் பாப்பம். எழுபது எண்பதுகளில் வந்த ஈழத்துச் சிற்றிதழ்கள், இயக்கங்களின்ர துண்டுப்பிரசுரங்கள், மலையகத் தோட்டத் தொழிலாளர் பற்றின சிறு வெளியீடுகள், பழைய நாவல்கள். இதில் பெரும்பகுதி நூலகம் தளத்தில்தான் கிடைக்குது. அது எந்த வடிவத்தில் இருக்கு? அச்சுப் பக்கத்தை அப்படியே ஸ்கான் பண்ணின பி.டி.எஃப். எழுத்து எழுத்தாத் தட்டச்சுச் செய்த கோப்பு இல்ல. ஒவ்வொரு பக்கமும் ஒரு படம்.

சாதாரண கிண்டிலின்ர திரை மூலைக்கு மூலை 6 அங்குலம். அகலம் கிட்டத்தட்ட 9 சென்ரிமீற்றர். ஏ4 தாளின்ர அகலம் 21 சென்ரிமீற்றர். ஏ4 அளவில் வந்த ஒரு பிரசுரத்தை அந்தத் திரைக்குள்ள அடக்கினால் எழுத்து பாதிக்கும் கீழ சுருங்கும். பத்துப் புள்ளி எழுத்து நாலு புள்ளி எழுத்தா வரும். அதையும் எழுபதுகளில் ஈய அச்சில அடிச்ச, மை பரவின, மூண்டு பத்தியா ஓடுற ஒரு பக்கமா நினைச்சுப் பாருங்கோ. "ன"வும் "ண"வும் ஒண்டாத் தெரியும். பெரிசாக்கிப் பாக்கலாம்தான். ஆனால் மின்-மைத் திரை மெதுவானது. ஒவ்வொரு முறை நகர்த்தேக்கையும் திரை ஒருக்கால் கறுத்து வெளுத்து வரும். ஒரு பக்கம் முடிக்கிறதுக்குள்ள வாசிக்கிற ஆசையே போயிடும்.

அதே கோப்பை ஒரு மடிக்கணினியிலயோ 10 அங்குலப் பலகைக் கணினியிலயோ திறந்தால் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது. போனில் திரை சின்னன்தான், ஆனால் ரண்டு விரலால் விரிச்சு இழுத்துப் பாக்க நேரம் எடுக்காது. பயர்பொக்ஸ், குரோம் எல்லாம் பி.டி.எஃப். கோப்பைத் தானாவே திறக்கும். புதுசா ஒண்டும் நிறுவத் தேவையில்லை. எங்கட வட்டத்தில் போன் இல்லாத ஆள் ஒருத்தரும் இல்ல.

பட்டியலின்ர மற்றப் பகுதி தட்டச்சுச் செய்த எழுத்து. மதுரைத் திட்டம் போடுற பழைய இலக்கியங்கள், ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தின்ர கிரியேட்டிவ் கொமன்ஸ் நூல்கள். ஈபப் வடிவத்தில் வாற நூல் திரைக்கு ஏத்த மாதிரித் தன்னை மடிச்சுக்கொள்ளும், அது வாசிப்பானில் நல்லா ஓடும், ஒத்துக்கொள்ளுறன். ஆனால் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் காரர் ஈபப்போட சேர்த்து 6 அங்குலத் திரைக்கெண்டு ஒரு தனிப் பி.டி.எஃப்.பும் ஏன் போட்டு வைச்சவை எண்டு யோசியுங்கோ. கன வாசிப்பான்களில் தமிழ் உடைஞ்சு வந்தது. கொம்பு எழுத்துக்குப் பின்னால போய் நிண்டது. பெரிய கம்பனிகள் எங்கட எழுத்தைச் சரியாக் காட்டப் பழகுமட்டும் தமிழ்த் தன்னார்வலர்தான் அந்த ஓட்டையை அடைச்சவை. அமேசன் தமிழ் மின்நூலை இந்தியாவில் முறையாத் தொடங்கினது 2016 டிசம்பரில். மதுரைத் திட்டம் தொடங்கினது 1998 தைப்பொங்கலுக்கு.

மின்-மைக்கான வாதம் வேற, கிண்டிலுக்கான வாதம் வேற

யோசனையைக் கொண்டுவந்த தோழர் சொன்ன காரணங்களை நான் லேசா எடுக்கேல்லை. எங்கட அம்மாக்கள், மாமிமார், சித்திமாரில் கன பேர் வயது போன இத்தாலியரை வீட்டோட தங்கிப் பராமரிக்கிற வேலை செய்யினம். இரவில் பக்கத்து அறையில் நொன்னா நித்திரை. பெரிய லைற் போட ஏலாது. போன் வெளிச்சம் கண்ணைக் குத்தும், நடுவில வட்சப் வந்து விழும். பகலில் மொந்தெல்லோப் பக்கம் பஸ்ஸில போகேக்க சிசிலி வெயிலில் போன் திரை ஒண்டும் தெரியாது. மின்-மைத் திரை வெயிலில் தாள் மாதிரித் தெரியும், ஒருக்கால் சார்ஜ் போட்டால் கிழமைக்கணக்கில் நிக்கும், அறிவித்தல் ஒண்டும் வந்து குழப்பாது. எழுத்தையும் வேண்டின அளவுக்குப் பெருசாக்கலாம்.

எல்லாம் உண்மை. ஆனால் இந்தக் காரணங்கள் எல்லாம் ஒரு திரைத் தொழில்நுட்பத்துக்கானவை. அந்தத் திரையை அமேசன் மட்டும் விக்கேல்லை. கோபோ இருக்கு, பொக்கெட்புக் இருக்கு, வேறயும் இருக்கு. அவை ஈபப்பை நேரடியாத் திறக்கும், யூ.எஸ்.பி. வயரால கோப்பை ஏத்தலாம். கோரீடர் எண்ட கட்டற்ற மென்பொருளையும் போடலாம், அது ஸ்கான் பக்கத்தின்ர ஓரத்தை வெட்டி, பத்தியைப் பிரிச்சுக் காட்டும். பழைய, கைமாறின கருவியும் காணும். ஆகவே கண் நோகுது எண்ட நியாயத்தைக் கொண்டு வந்து கடையோட கட்டின ஒரு கருவிக்கு வாக்குக் கேக்கிறது சரியில்லை.

கிண்டில் வேற விதமான பொருள். அது முதலில் ஒரு கடை, அதுக்குப் பிறகுதான் வாசிப்பான். திறந்த உடன கணக்குக் கேக்கும், புத்தகம் வாங்கப் போனால் வங்கி அட்டை கேக்கும். பத்துக் கருவியை ஆற்ர கணக்கில் பதியப் போறம்? ஒரு தோழரின்ர பேரில் பத்துக் கருவி, பத்துப் பேரின்ர வாசிப்பு, ஒரே கணக்கு. அந்தத் தோழர் லண்டனுக்குப் போனால்? கணக்கை முடக்கினால்? இத்தாலியின்ர பல பொது நூலகங்கள் எம்.எல்.ஓ.எல். எண்ட தளத்தால மின்நூல் இரவல் குடுக்குது. அந்த இரவல் நூல் கிண்டிலில் திறக்காது. காசில்லாமல் இத்தாலியப் புத்தகம் எடுக்கக்கூடிய வழியையே மூடுற கருவியை, இத்தாலியப் பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிள்ளையளின்ர கையில் குடுக்கப் போறமா?

வாங்கினது எண்டு நினைச்சது

2009 ஜூலையில் அமெரிக்காவில் கன ஆக்கள் காலமை எழும்பிப் பாக்க, அவை காசு குடுத்து வாங்கின ஒரு புத்தகம் கிண்டிலில் இல்ல. அமேசன் தூர இருந்து அழிச்சிருந்தது. விக்க உரிமை இல்லாத ஒரு பதிப்பகம் கடையில் போட்டதாம், அதால எடுத்தாச்சாம், காசு திரும்பிக் குடுத்தாச்சாம். புத்தகம் எது தெரியுமோ? ஜோர்ஜ் ஓர்வெல்லின்ர "1984". கூடவே "விலங்குப் பண்ணை"யும் போச்சு. பிறகு கம்பனித் தலைவர் மன்னிப்புக் கேட்டார். ஆனால் உங்கட அலமாரிக்குள்ள கை விட அவைக்கு வழி இருக்கு எண்டது அண்டைக்கு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு.

2019 இல் மைக்ரோசொஃப்ட் தன்ர மின்நூல் கடையை மூடினது. வாங்கின நூல்கள் அந்த ஜூலையோட வேலை செய்யாமல் போச்சுது. காசு திரும்பி வந்தது, புத்தகம் வரேல்லை. 2023 ஜூன் 30 இல் சீனாவில் கிண்டில் கடை மூடியாச்சு. வாங்கினதை இறக்கிக்கொள்ள ஒரு வருஷம் அவகாசம் குடுத்தவை. நூறு கோடிக்கு மேல ஆக்கள் பேசுற மொழியின்ர சந்தையையே கணக்குச் சரிவரேல்லை எண்டு விட்டுப் போன கம்பனி, நாளைக்குத் தமிழ் நட்டம் எண்டு கண்டால் என்ன செய்யும்?

2025 பெப்ரவரி 26 இல் இருந்து, வாங்கின கிண்டில் நூலைக் கணினியில் இறக்கி யூ.எஸ்.பி.யால ஏத்துற வசதியையும் எடுத்துப் போட்டினம். கோப்பைத் தன்ர கையில் ஒரு பிரதியா வைச்சிருக்க இருந்த நேர்வழி அதோட போச்சு. கலிபோர்னியாவில் ஒரு சட்டம் 2025 ஜனவரியில் இருந்து நடைமுறைக்கு வந்தது: உரிமத்தை மட்டும் குடுத்துப்போட்டு "வாங்குங்கள்" எண்டு எழுதக் கூடாது, இது உரிமம்தான் எண்டு தெளிவாச் சொல்ல வேணும். அதுக்குப் பிறகுதான் அமெரிக்காவில் வாங்குற பொத்தானுக்குப் பக்கத்தில் அந்த வரி வந்தது. சட்டம் பிடிச்சு இழுக்குமட்டும் பொத்தானுக்குப் பக்கத்தில் சொல்லாத உண்மை அது.

புத்தகம் இல்லாமல் போறது எண்டால் என்ன எண்டு எங்களுக்கு யாரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை. 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிஞ்சது. கிட்டத்தட்ட 97,000 நூல்கள். அதில் வேற எங்கயும் பிரதி இல்லாத ஓலைச்சுவடிகளும் கையெழுத்துப் படிகளும் இருந்தது. ஒரே இடம், ஒரே பிரதி, அதை அழிக்க ஒரு இரவு காணும் எண்ட பாடம் அது. அமேசன் எரிக்கிற ஆள் எண்டு நான் சொல்ல வரேல்லை. ஒரே இடத்தில், எங்களுக்குத் திறப்பு இல்லாத ஒரு அறையில், எங்கட நூல்களைக் கொண்டுபோய் வைக்கிற பழக்கத்தை நாங்களே காசு குடுத்துப் பழகுறம் எண்டுதான் சொல்லுறன்.

யார் பாத்துக்கொண்டிருக்கினம்?

கிண்டிலில் எந்தப் பக்கத்தில் நிக்கிறியள், எந்த வரிக்குக் கோடு போட்டியள் எண்டது கருவிகளுக்கு இடையில் ஒத்துப்போறதுக்கு எண்டு சேர்வருக்குப் போகும். கன பேர் கோடிட்ட வரியை "பலரும் கோடிட்டது" எண்டு புத்தகத்திலயே காட்டினவை. எண்ணிப் பாக்காமல் அதைக் காட்ட ஏலாதுதானே.

"என்ர வாசிப்பைப் பாத்து என்ன செய்யப் போறாங்கள்?" எண்டு சில பேர் சிரிப்பினம். அஹ்னாப் ஜஸீமின்ர கதையைச் சொல்லுறன். மன்னார்ப் பக்கத்து இளைஞர், ஆசிரியர், கவிஞர். "நவரசம்" எண்ட தமிழ்க் கவிதைத் தொகுப்பு போட்டவர். 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச்சட்டத்தில் பிடிச்சினம். புத்தகம் தீவிரவாதத்தைப் பரப்புதாம். உண்மையில் அந்தக் கவிதைகள் வன்முறைக்கு எதிரானவை எண்டு வாசிச்ச ஆக்கள் திருப்பித் திருப்பிச் சொன்னவை. 19 மாதம் உள்ள இருந்து 2021 டிசம்பரில் பிணையில் வந்தார். 2023 டிசம்பரில் புத்தளம் மேல்நீதிமன்றம் விடுதலை செய்தது. ஒரு தமிழ்ப் புத்தகத்தைத் தப்பா வாசிச்ச அரசு ஒரு மனுசன்ர வாழ்க்கையில் இருந்து எடுத்த காலம் அது.

எங்கட வட்டத்தில் சொஜோர்னோவுக்குக் காத்திருக்கிற ஆக்கள் இருக்கினம். அகதி விண்ணப்பம் போட்டிட்டு விசாரணைக்குத் திகதி பாத்துக்கொண்டிருக்கிற ஆக்கள் இருக்கினம். ஊரில் இன்னும் அப்பா அம்மா இருக்கிற ஆக்கள் இருக்கினம். நாங்கள் வாசிக்கிறதில் பாதி இயக்க வரலாறு. நாளைக்கு எவன் எந்தப் பட்டியலைக் கேப்பான் எண்டு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. பேர், வங்கி அட்டை, வாசிச்ச பக்கம் மூண்டையும் ஒண்டாச் சேர்த்து ஒரு கம்பனியிட்ட நாங்களே குடுத்து வைக்காமல் இருக்கிறது எங்கட கையில் இருக்கிற விஷயம்.

உலாவி பக்தர்களுக்கும் ஒரு வார்த்தை

இவ்வளவும் வாசிச்சிட்டு "அப்ப நாங்கள் சொன்னதுதானே, உலாவியே காணும்" எண்டு எழும்புற தோழர்களுக்கு: கொஞ்சம் பொறுங்கோ.

உலாவி ஒரு யன்னல். யன்னலுக்கு அங்கால ஆற்ர வீடு எண்டதுதான் கேள்வி. கிண்டில் நூலையும் உலாவியில் வாசிக்கலாம், கூகிள் வித்த நூலையும் உலாவியில் வாசிக்கலாம். பூட்டும் கணக்கும் அப்படியே இருக்கும், கருவி மட்டும் இருக்காது. கருவி இல்லை எண்டதால சுதந்திரம் வந்திடாது.

நல்ல வீடும் விழும். இன்ரநெற் ஆர்க்கைவ் எங்கட பக்கத்து நிறுவனம் மாதிரித்தான். ஆனால் பெரிய பதிப்பகங்கள் போட்ட வழக்கில் 2023 மார்ச்சில் தோத்தது, 2024 செப்ரெம்பரில் மேன்முறையீட்டிலயும் தோத்தது. ஏறக்குறைய ஐஞ்சு லட்சம் நூல்களை இரவல் பட்டியலில் இருந்து எடுக்க வேண்டி வந்தது. அடுத்த மாதமே, ஒக்டோபரில், இணையத் தாக்குதலில் தளம் நாள்கணக்கில் படுத்துப்போச்சு. அந்தக் கிழமை "லிங்க் இருக்குத்தானே" எண்டு நம்பி இருந்த எல்லாரும் வெறுங்கையோட நிண்டினம்.

தளத்தில் நேரடியா வாசிச்சால் தடயமும் விழும். எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு, எந்த முகவரியில் இருந்து எண்டு சேர்வர் எழுதும். எட்ஜ் உலாவி தமிழை இலங்கைத் தமிழ்க் குரலிலயே வாசிச்சுக் காட்டும். தமிழ் கேட்டு விளங்கும், ஆனால் எழுத்துக்கூட்டி வாசிக்கக் கஷ்டம் எண்டு சொல்லுற எங்கட இரண்டாம் தலைமுறைப் பிள்ளையளுக்கு அது உண்மையில் நல்ல உதவி. பாரதியைக் கேக்கிறதுக்கு அதைப் பாவியுங்கோ. இயக்க ஆவணத்தைக் கேக்கிறதுக்குப் பாவிக்கிறதுக்கு முதல், அந்த எழுத்து ஆற்ர சேர்வருக்குப் போய்க் குரலா வருது எண்டு யோசியுங்கோ.

ஆகவே நான் சொல்லுற உலாவி வாசிப்பு எண்டது: கோப்பை ஒருக்கால் இறக்கு, உன்ர கணினியில் வை, இணையத்தை நிப்பாட்டிப்போட்டும் அதே உலாவியில் திற. திறக்குதா? அப்ப அது உன்ர புத்தகம். திறக்கேல்லையா? அப்ப நீ ஆற்றையோ கடையில் நிண்டு வாசிச்சுக்கொண்டிருக்கிறாய்.

எழுத்தாளருக்குக் காசு?

இதுதான் கூட்டத்தில் வந்த மிகப் பலமான கேள்வி. புதுத் தமிழ் நாவல்கள், முக்கியமாத் தாங்களே வெளியிடுற எழுத்தாளர்களின்ர நூல்கள், மின்வடிவில் அமேசனில் மட்டும்தான் கிடைக்குது. வாங்காட்டில் அவையின்ர வயித்தில் அடிக்கிறம்தானே?

ஏன் அங்க மட்டும் கிடைக்குது எண்டு கேட்டுப் பாருங்கோ. தானே பதிப்பிக்கிற எழுத்தாளர் கிண்டில் அன்லிமிட்டெட்டில் வர வேணும் எண்டால் கே.டி.பி. செலக்ட் திட்டத்தில் சேர வேணும். இந்தியாவில் விக்கிற நூலுக்கு 70 வீத உரிமைத்தொகை கிடைக்கிறதுக்கும் அதில் சேர வேணும். சேர்ந்தால் 90 நாள் தவணைக்கு அந்த மின்நூலை வேற எங்கயும் விக்க ஏலாது, தன்ர தளத்தில் சும்மா போடவும் ஏலாது. சேராட்டில் அதே இந்திய விற்பனைக்கு 35 வீதம். எழுத்தாளர் விரும்பித் தனியா நிக்கேல்லை, பாதிக் கூலியைக் காட்டிப் பிடிச்சு வைச்சிருக்கினம். தோட்டத்துக் கடையில்தான் சாமான் வாங்க வேணும் எண்டு கட்டி வைச்ச கங்காணிக் காலத்துக் கதை எங்களுக்குப் புதுசில்ல.

எழுத்தாளருக்குக் காசு போகத்தான் வேணும். அச்சுப் புத்தகத்தை அவையிட்ட, இல்லாட்டில் சின்னப் பதிப்பகங்களிட்ட நேர வாங்குவம். பூட்டில்லாத ஈபப் தருவியளோ எண்டு எழுதிக் கேப்பம், விலை குடுப்பம். ஒரு வட்டமா எழுதிக் கேட்டால் பதில் வரும். பத்துக் கருவிக்குப் போற காசு, ஒண்டு நூறு யூரோவை ஒட்டி எண்டாலும், ஆயிரம் யூரோ. அது எத்தனை எழுத்தாளருக்கு நேரடியாப் போகலாம் எண்டு நீங்களே கணக்குப் பாருங்கோ.

இன்னொரு விஷயத்தையும் இடதுசாரிகள் எண்டு சொல்லிக்கொள்ளுற நாங்கள் மறக்கக் கூடாது. 2021 மார்ச் 22 இல் இத்தாலி முழுக்க அமேசனின்ர விநியோகச் சங்கிலியில் வேலை செய்யிற தொழிலாளர் 24 மணிநேரம் வேலைநிறுத்தம் செய்தவை. கிடங்கில் நிக்கிறவரும் வானில் பொதி கொண்டு வாறவரும் ஒண்டா நிண்டவை. எங்கட பெடியள் கன பேர் பாக்கிறதும் அந்த மாதிரி டெலிவரி வேலைதான். அந்தக் கம்பனியின்ர பத்துப் பெட்டியை எங்கட கூட்டு நிதியில் இருந்து வாங்கி மேசையில அடுக்கி வைச்சிட்டு தொழிலாளர் வரலாறு வாசிக்கிறது எனக்கு ஏலாது.

அப்ப என்ன செய்வம்?

எதிர்க்கிறது மட்டும் காணாது எண்டு தெரியும். அடுத்த கூட்டத்தில் நான் வைக்கப்போற மாற்று யோசனை இது.

1. ஒரு பழைய மடிக்கணினி. ஆரிட்டயாவது சும்மா கிடக்கும். அதில் காலிபர் எண்ட கட்டற்ற மென்பொருளைப் போடுவம். கோவித் கோயல் எண்ட இந்திய நிரலாளர் 2006 இல் தொடங்கினது, சும்மா கிடைக்கும். எங்கட ஈபப் எல்லாத்தையும் அதில் அடுக்குவம். காலிபரில் ஒரு சேர்வர் வசதி இருக்கு. அதைப் போட்டு விட்டால், அதே வைஃபையில் இருக்கிற எல்லாரும் தங்கட போன் உலாவியில் அந்த அலமாரியைத் திறந்து வாசிக்கலாம். வெளி இணையம் தேவையில்லை, கணக்கு இல்லை, கடை இல்லை. பி.டி.எஃப். வேணும் எண்டால் அதிலயே இறக்கிக்கொள்ளலாம்.

2. இரண்டு வெளி வன்தட்டு. ஒண்டு பலெர்மோவில, ஒண்டு வேற நகரத்துத் தோழர் ஒருத்தரிட்ட. மூண்டு மாதத்துக்கு ஒருக்கால் ரண்டையும் ஒப்பிட்டுப் புதுப்பிக்கிறம். ஒரே இடத்தில் வைக்கக் கூடாது எண்ட பாடம் 1981 இல் படிச்சது.

3. கைமாறின ரண்டு மின்-மை வாசிப்பான், கடையோட கட்டாதது. இரவு வேலை செய்யிற ஆக்களுக்கும் கண் பிரச்சினை உள்ள ஆக்களுக்கும் முதலிடம் குடுத்து இரவல். வாங்கிறதுக்கு முதல் ஒரு தமிழ் ஈபப்பைப் போட்டுப் பாருங்கோ: "கொ", "கௌ", "ஸ்ரீ" சரியா வருதா எண்டு. வராட்டில் வாங்க வேண்டாம். கணக்கில் பதியாமல், வைஃபையை நிப்பாட்டி, வயரால மட்டும் கோப்பு ஏத்துவம். அதோட, பூட்டுப் போட்ட நூலைத் திறக்கிற அடோபியின்ர மென்பொருளே 2014 இல் வாசிச்ச விபரத்தை மறைகுறியாக்காமல் அனுப்பிப் பிடிபட்டது. ஆகவே கிண்டில் இல்லாட்டில் எல்லாம் சுத்தம் எண்டும் நினைக்க வேண்டாம்.

4. மிஞ்சிற காசில் ஒரு ஸ்கானர். எங்கட பெற்றோர் எண்பதுகளில் இருந்து இந்த நகரத்துக்கு வந்தவை. வீட்டு வேலை செய்து, பல்லரோச் சந்தைக்குப் பக்கத்தில் சின்ன அறைகளில் கூடி இருந்து, நடத்தின கூட்டங்களின்ர நோட்டீசு, விழா மலர், கையெழுத்துச் சஞ்சிகை எல்லாம் கட்டிலுக்குக் கீழ பெட்டியில் கிடக்குது. அந்தப் பெட்டியளை எந்தக் கடையும் விக்கப் போறதில்லை, எந்தக் கருவியிலயும் தானா வராது. நூலகம் திட்டம் 2005 இல் தன்னார்வலர் கையால்தான் தொடங்கினது. மதுரைத் திட்டத்தைச் சுவிஸில் இருந்து கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, பல நாட்டுத் தமிழர் வீட்டில இருந்து தட்டச்சுச் செய்து குடுத்தவை. அதே வேலையில் பலெர்மோவின்ர பங்கை நாங்கள் செய்ய வேணும்.

நாலாவதுதான் எனக்கு முக்கியம். முதல் மூண்டும் இருக்கிற புத்தகத்தை எப்பிடி வாசிக்கிறது எண்டது. நாலாவது இல்லாட்டில் எங்கட அம்மா அப்பாவின்ர முப்பது நாப்பது வருஷம் வாசிக்கவே கிடைக்காது. அந்தத் தாள்கள் மஞ்சளாகுது. அதை வைச்சிருக்கிற ஆக்களும் வயது போகினம்.

எதிர்க் கருத்து உள்ளவை இந்த மடலுக்கே பதில் எழுதுங்கோ, அடுத்த மடலில் வெட்டாமல் போடுவம். கூட்டத்துக்கு வாறவை ஒரு யூ.எஸ்.பி. கொண்டு வாங்கோ. மடிக்கணினியில் ஏற்கெனவே சேர்த்து வைச்ச நூல்களைப் பிரதி எடுத்துக்கொண்டு போகலாம். எல்லாம் பூட்டில்லாதவை, பகிர உரிமை உள்ளவை. வீட்டில் பழைய பெட்டி இருந்தால், அம்மாவிட்டக் கேட்டு, அதில் ஒரு நோட்டீசையாவது எடுத்துக்கொண்டு வாங்கோ.

தோழமையோட,
பலெர்மோவில் இருந்து